அப்பாவின் ஒயர் நாற்காலி

உங்கள் வீட்டு மொட்டை மாடியிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒயர் அறுந்த நாற்காலி ஒன்று கிடக்கிறதா? அவசரப்பட்டு அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நான் போடப் பார்த்த கதையைக் கேளுங்கள்.

பாடியில், திருவலிதாயம் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா இங்கேயே ஒரு தொழிற்சாலையில் 30 வருஷம் லேத் ஓட்டியவர். ஷிப்டு முடிந்து வந்தால் அவருக்கென்று இருந்த ஒரே ஆசனம் அந்தப் பச்சை நாற்காலிதான். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் பிளாஸ்டிக் ஒயர். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். முதுகில் ஜிலுஜிலுவென்று காற்றுப் படும். எழுந்தால் முதுகெல்லாம் கோடு கோடாக இருக்கும்!

அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. "இடத்தை அடைக்கிறதே!" என்று முதலில் சொன்னவள் நான்தான், அண்ணி அல்ல. (பழி யார்மேல் விழுந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?) தராசோடு ஆளும் வந்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பகல் இரண்டு மணிக்குக் காப்பி போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதே வாரம் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே மேடைமேல், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் நாற்காலியின் உடன்பிறப்பு! விலை என் இரண்டு மாதச் சம்பளம். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

இந்தக் குழாய் நாற்காலிக்குப் பெரிய வம்சமே இருக்கிறது. 1925-ல் ஜெர்மனியில் மார்சல் பிராயர் என்ற இளைஞர், தம் சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்து, அந்த மாதிரிக் குழாயிலேயே நாற்காலி செய்தார். உள்ளே பொள்ளலாக இருந்தாலும் குழாய் லேசில் வளைந்து கொடுக்காது, கனமும் குறைவு. சைக்கிளும் குழாயும் நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை வந்தது.

சண்டிகர் கதையையும் கேளுங்கள். அங்கே அரசாங்க அலுவலகங்களுக்காக பியர் ஜானரே அமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளை உடைசல் என்று ஏலத்தில் தள்ளினார்கள். அவை வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலை போன பிறகு, 2011-ல் மத்திய அரசு விற்பனைக்குத் தடை போட்டது. நான் மட்டும்தான் அசடு என்றில்லை!

ஒயர் பின்னுகிறவரைத் தேடிப் பிடித்தேன். "என்ன கலரும்மா?" என்றார். கண்காட்சி ஞாபகத்தில், "வெள்ளையும் நீலமும்" என்றேன்.

"பச்சை!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். "உட்கார்ந்து பாருங்கம்மா, இழுவை சரியா இருக்கான்னு தெரியணும்" என்றார் அம்மாவிடம். இத்தனை வருஷத்தில் அம்மா அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"சரியாத்தாம்ப்பா இருக்கு. இந்த மனுஷன் இதிலே எப்படித்தான் தூங்கினாரோ!"