மரம் இருக்கிறதா?

ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளியில் 1990இல் எஸ்.பி.எம். எழுதியவர்கள் அவர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்த 14 பேர். இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

புலனக் குழு தொடங்கியதும் செய்திகள் குவிந்தன. மகளின் பட்டமளிப்பு, பேரனின் முதல் பல், முட்டிவலி, புது வீடு. கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள் மட்டும் வாய் திறக்கவில்லை. பால்மரம் சீவிய அப்பா படுத்த படுக்கையானதால், தேர்வு முடிந்த மறுவாரமே தொழிற்சாலை வேலைக்குப் போனவள் அவள். எல்லாவற்றையும் படித்தாள், எதற்கும் பதில் எழுதவில்லை. தனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ!

எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள், சிங்கப்பூரில் குடியேறிய தோழி, “பள்ளி வாசல் தூங்குமூஞ்சி மரம் இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு ஒரு படம் வந்தது. அதே மரம். அதனடியில் ஒரு பள்ளி வேன். சீருடையில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கிறது. என் வேனைத் தினமும் இங்கேதான் நிறுத்துகிறேன். 12 வருடமாயிற்று.”

“பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லித் தருகிறாயா?” என்று உடனே கேட்டாள் ஒருத்தி.

“தேர்வு நேரத்தில் மட்டும். வேனுக்குள்ளேயே.”