ருத்ரா: ஓர் ஒலிநாடாவின் கதை



சந்தி இலக்கணமும் மாணவர் கட்டுரைகளுமாக எழுதிவந்த பக்கத்தில் இன்று ஒரு மெட்டல் இசைக்குழுவைப் பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கு என்ன ஆயிற்று?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேளுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊர் கோத்தா கோலா மூடா. மூடா ஆறு கடலோடு கலக்கும் இடம். இங்குள்ள மீன் சந்தை பெயர்பெற்றது. மலாய்க்காரர்கள் அதனைப் 'பாசார் பிசிக்' என்பார்கள்; கிசுகிசுச் சந்தை என்று பொருள். படகு கரை சேர்ந்ததும் வாங்க வருவோர் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தத்தம் விலையை மெல்லச் சொல்வார்கள். ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாது. மீன் ஏலமே காதோடு காதாக நடக்கும் ஊரில், காது கிழிய உறுமும் இசையை என் அக்காள் மகன் எங்கிருந்து பிடித்தான் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

2001-இல் அவன் நான்காம் படிவ மாணவன். தோட்டத்துப் பிள்ளைகள் இருவர், கடற்கரையோரத்து மீனவக் குடும்பத்து மலாய்ப் பையன் ஒருவன், இவன் என நால்வர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் சுங்கை பட்டாணிக்குப் பேருந்தில் போய், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, ஒரு 'ஜேமிங்' கூடத்தில் வாசிப்பார்கள். பிறகு எங்கோ பழைய டிரம் ஒன்றை வாங்கி, மலாய் நண்பன் வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அவ்வாண்டின் நடுப்பகுதியில்தான் கெடாவில் 'பிளாக் மெட்டல்' பரபரப்பு கிளம்பியது. பேய் வழிபாடு, விலங்குக் குருதி என்றெல்லாம் நாளேடுகள் எழுதின. பள்ளிகளில் மாணவர்களைச் சோதித்தார்கள். கறுப்புச் சட்டையும் நீண்ட முடியும் குற்றத்தின் அடையாளங்கள் ஆயின. முசுலிம் இளைஞர்கள் மீதே பார்வை அதிகம் இருந்தது என்றாலும், அச்சம் எல்லா வீட்டுக்கும் வந்தது. என் வீட்டுக்கும் வந்தது.

அக்காவின் கணவர் இல்லாத வீடு அது. பையனுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு மாலை அவன் பையைத் திறந்தேன். மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டை ஒன்றும் ஒலிநாடா ஒன்றும் கிடைத்தன. சட்டையைக் கொல்லையில் போட்டு எரித்தேன். ஒலிநாடாவைப் பறித்துக்கொண்டேன்.

"மாமா, இது அந்தக் கூட்டம் இல்ல மாமா. இவங்க நம்ம ஆளுங்க. பேரப் பாருங்க" என்றான்.

நான் பெயரைப் பார்க்கவில்லை. மறுநாள் அவனை முடிதிருத்தும் கடைக்கு அழைத்துச் சென்று முடியை ஒட்ட வெட்டச் செய்தேன். அதன்பின் அவன் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். குழுவிலிருந்து முதலில் விலகியவன் அந்த மலாய்ப் பையன்; அவன் வீட்டிலும் என்னைப்போல் ஒருவர் இருந்திருப்பார். அடுத்து, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதால் ஒரு குடும்பம் இடம் பெயர்ந்தது. இருவரை வைத்துக்கொண்டு என்ன குழு? 2003-இல் என் மருமகன் ஜொகூருக்கு வேலை தேடிப் போனான். அங்கிருந்து சிங்கப்பூர்.

அந்த ஒலிநாடா மட்டும் என் அலமாரியில், பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் கிடந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை எங்கள் கரைக்கும் வந்தது. அந்த மலாய்ப் பையனின் குடும்பம் தப்பியது. வீட்டின் பின்கட்டும் அதிலிருந்த டிரமும் போயின. சில வாரங்கள் கழித்து, எதையோ தேடும்போது ஒலிநாடா கையில் அகப்பட்டது. அப்போதுதான் அட்டையைப் படித்தேன். ஒரு நண்பன் படியெடுத்துக் கொடுத்தது. பெயர்களைப் பேனாவால் எழுதியிருந்தான் என் மருமகன். ருத்ரா, சிங்கப்பூர். கதிர், சிவா... என்று போயிற்று பட்டியல்.

நம்ம ஆளுங்க என்று அவன் சொன்னது பொய்யில்லை.

காரில் அதனைப் போட்டுக் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. உறுமல், இடியோசை, மீண்டும் உறுமல். ஆயினும் தமிழாசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்காத இடத்தில் சொல்லைப் பிடித்துக்கொள்வான். ருத்ரன் என்ற சொல்லுக்கு 'அலறுபவன், முழங்குபவன்' என்று பழைய உரைகாரர்கள் பொருள் சொல்வர். தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராது. ஆகவே நம் முன்னோர் அதனை உருத்திரன் ஆக்கினர். பட்டினப்பாலை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்நூல் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கும் பொருள்களைச் சொல்லுமிடத்தில் 'காழகம்' என்றோர் ஊரைச் சொல்கிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை கண்டார். கடாரம் எது? நாம் குடியிருக்கும் இந்தக் கெடாதான்! உருத்திரன் பெயரைத் தாங்கிய ஒருவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் மண்ணின் பெயரைப் பாட்டில் வைத்திருக்கிறார். அந்த ஒலிநாடாவை மீண்டும் அலமாரியில் வைக்கும்போது, தேர்வுத்தாள்களுக்கு மேலே வைத்தேன்.

பிறகு நானாகத் தேடிப் படித்தவற்றைச் சொல்கிறேன்.

ருத்ரா 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. பேஸ் கிதாரும் குரலும் கதிர், டிரம் சிவா. தொடக்கத்தில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'எச்' கூடுதலாக இருந்தது, பிறகு அதனை நீக்கினார்கள். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. இத்தகைய தொல்லைகள் நம் மொழிக்கு இல்லை!) 1994-இல் ஒரு மாதிரி ஒலிப்பதிவு. 1990-களின் நடுவில் குழு கலைந்தது. மீண்டும் கூடி, 1998-இல் குழுவின் பெயரிலேயே முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். சிங்கையில் அக்காலத்தில் மேடைமுன் முட்டிமோதி ஆடும் ஆட்டத்திற்கே தடை இருந்தது என்பதை நினைத்தால், இவர்கள் வாசிக்க இடம் பிடித்ததே பெரிது.

அதன்பின் 2001-இல் 'தி ஆர்யன் குருசேட்', 2003-இல் 'குருக்ஷேத்ரா', 2005-இல் 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் தொகுப்பு. அவ்வரிசையின் இரண்டாவது 2009-இலும் மூன்றாவது 2011-இலும் வெளிவந்தன. தாங்கள் வாசிப்பதை 'வேத மெட்டல்' என்றார்கள். அரக்கரையும் நரகத்தையும் மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்த ஓர் இசையில், இவர்கள் உபநிடதத்தையும் கீதையையும் கொண்டுவந்து வைத்தார்கள். கதிர் வேதாந்தம் முறையாகக் கற்றுக் கற்பிப்பவர். மேடைக்காகப் போட்ட வேடம் அன்று. 2009-இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த யூஜின் டைரியநாதன், வேத மெட்டலையும் சிங்கையின் தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

எனக்கு இவர்களோடு இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று மொழி. பாட்டின் பெரும்பகுதி ஆங்கிலம், சுலோகங்கள் சமற்கிருதம். தமிழர் கூடி முழங்கும்போது தமிழுக்கு ஏன் இத்தனை சிறிய இடம்? திருமந்திரத்திலும் சித்தர் பாடலிலும் இல்லாத அத்வைதமா? மற்றொன்று 2001-ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு. 'ஆரிய' என்னும் சொல்லைக் கேட்டால் தமிழ் படித்தவனுக்கு உள்ளே ஒன்று விறைக்கும். சமற்கிருதத்தில் அதற்கு 'உயர்குணத்தோன்' என்ற பழம்பொருள் இருப்பதை நான் அறிவேன். அறிந்தும் விறைக்கிறது. இதனை என் மருமகனிடம் சொன்னபோது, "உங்க சண்டையெல்லாம் தலைப்போட நின்னுடுது மாமா, உள்ள போய்க் கேக்கறதே இல்ல" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான் உண்மையில் சொல்ல வந்தது, யார் இருந்தார், யார் போனார் என்பதைப் பற்றி.

கதிரும் சிவாவும் தொடக்கம் முதல் நிற்பவர்கள். கிதார் வாசிப்போர் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பாலா, ஆல்வின், செல்வம், கண்ணன், தேவன், வினோத், சைமன் எனப் பலர் வெவ்வேறு காலங்களில் அவ்விடத்தில் நின்றார்கள். மெட்டல் இசையில் கிதார் என்பது உடம்பின் முதுகெலும்பு. அதனையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஒரு குழு அதே குழுவாக எப்படி நிலைக்கும்?

இந்த ஐயத்தை மருமகனிடம் கேட்டேன். அவன் சுவீடன் நாட்டுக் கதை ஒன்று சொன்னான். கோத்தன்பர்க் என்னும் நகரில் 'இன் ஃபிளேம்ஸ்' என்றொரு குழு. 1990-இல் யெஸ்பர் ஸ்த்ரோம்பிளாட் என்பவர் தொடங்கினார். இனிய மெட்டும் உறுமலும் கலந்த ஒரு பாணியே அந்நகரின் பெயரால் உலகெங்கும் அழைக்கப்படுகிறது. 1994-இல் அவர்களுடைய முதல் தொகுப்பில் பாடியவர் மிக்கேல் ஸ்டான்னே. அவர் 'டார்க் டிராங்குவிலிட்டி' என்ற பக்கத்துக் குழுவின் ஆள். அந்தப் பக்கத்துக் குழுவின் 1993-ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் பாடிய ஆண்டர்ஸ் ஃபிரிதேன் 1995-இல் இங்கு வந்து நிலைத்துவிட்டார். பெண் கொடுத்துப் பெண் எடுத்ததுபோல, இரு குழுக்களும் பாடகர்களை மாற்றிக்கொண்டன! 2010-இல் தொடங்கியவரே விலகினார். டிரம் வாசித்தவர் 2015-இலும் பேஸ் வாசித்தவர் 2016-இலும் போனார்கள். தொடங்கியவர்களில் ஒருவரும் இல்லாமல் பெயர் மட்டும் பயணம் செய்கிறது.

"அது அதே குழுவா?" என்றேன்.

"அங்க கேக்கறவங்களுக்கும் அதான் சண்டை மாமா" என்றான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. பால்வெட்டும் கத்திக்கு என் தாயார் எத்தனை முறை பிடி மாற்றினார், எத்தனை முறை அலகு மாற்றினார்! கடைசிவரை அது அவருடைய பழைய கத்திதான். எங்கள் வட்டாரத்து உறுமி மேளக் குழுக்களும் அப்படியே. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஆட்கள் மாறுவார்கள். ஒருவன் பினாங்குத் தொழிற்சாலைக்குப் போவான், ஒருவன் கோபித்துக்கொண்டு தனிக்குழு தொடங்குவான். உறுமியை வைத்திருப்பவர் ஒருவர் வீட்டில் இருக்கும்வரை குழு இருக்கும். உறுமி என்று தோற்கருவிக்குப் பெயர் வைத்த நம் மக்கள், உறுமிப் பாடும் ஒருவனைக் கண்டு நாங்கள் அஞ்சியதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

பையன்களின் குழுவில் அந்த 'ஒருவர் வீடு' மலாய் நண்பனுடையது. அவன் விலகியபோது டிரம் அங்கேயே இருந்தது. ஆனால் போய்த் தட்ட எவனுக்கும் துணிவில்லை. குழு கலைந்ததற்குக் காரணம் தோட்டம் விற்றதும் வேலை தேடிப் போனதும் என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்குப் பார்த்தால் முதல் கல்லை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

2022-இல் ருத்ராவின் 'எய்ட் மகாவித்யாஸ்' வெளிவந்தபோது, சிங்கையிலிருந்து மருமகன் அதன் இணைப்பை எனக்கு அனுப்பினான். செய்தி ஏதும் எழுதவில்லை. இரவில் காதொலிப்பான் போட்டுக் கேட்டேன். முப்பது ஆண்டுகள் ஆகியும் அதே இருவர் பின்னால் நிற்கிறார்கள். இப்போதும் எல்லாம் விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் முழுவதும் கேட்டேன்.

அடுத்து வந்த தீபாவளிக்கு அவன் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தான். பலகாரத் தட்டோடு அந்த ஒலிநாடாவையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவன் நெடுநேரம் தொடவில்லை. பிறகு எடுத்து, அட்டையைத் திருப்பி, தன் பழைய கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"போட்டுக் கேக்க வீட்ல எதாவது இருக்கா மாமா?"

"இல்லை. வைத்திருந்தேன், அவ்வளவுதான்."

கைப்பேசியில் அதனைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினான். சற்று நேரத்தில் பதில் வந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தான், உடனே சிரிப்பு நின்றது. திரையை என் பக்கம் திருப்பினான். அந்த மலாய் நண்பன் எழுதியிருந்தான்: "பாஜு அக்கு மானா?" என் சட்டை எங்கே?

நான் எரித்தது இவனுடைய சட்டையே அன்று. நண்பனிடம் இரவல் வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவன் அதனை என்னிடம் சொல்லவில்லை.

"என்ன எழுதட்டும் மாமா?"

"மாமா எரித்துவிட்டார் என்று எழுது" என்றேன். "மன்னிப்பும் கேட்டதாக எழுது. மலாயில் சரியாக எழுது."

அவன் எழுதத் தொடங்கினான். நான் தேநீர் போட அடுப்படிக்குப் போனேன்.