பல்லுக்குப் பின்னால் ஒரு பட்டறை

செங்கலடிச் சந்தி தாண்டித் திருகோணமலை வீதியில் வந்தாறுமூலைக்கு வந்து, வீதியை விட்டுச் சற்று உள்ளே போனால் வரும் ஒரு வீட்டின் பக்கத்து அறைதான் அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. மேசை நிறைய வாய்கள்: சாந்தில் வார்த்த மேல்தாடைகள், கீழ்த்தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் இலக்கம். கதவைத் திறந்ததும் அக்ரிலிக் திரவத்தின் நெடி மூக்கைப் பிடிக்கிறது. "கொஞ்ச நேரத்தில பழகிரும் தம்பி, இரிங்க" என்றார் அண்ணன். அரச ஆஸ்பத்திரி ஒன்றின் பல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். இப்போது செங்கலடி, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்துத் தனியார் பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளுக்குக் கட்டுப்பல்லும் பிளேட்டும் செய்து கொடுக்கிறார். அக்ரிலிக் வேலை மகளின் பொறுப்பு.

நான் போன காரணம் வேறு. கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை பார்க்கும், கூத்தும் ஆடும் நண்பர் ஒருவருக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் முன்பல்லை நேராக்கும் ஆசை வந்துவிட்டது. வெளியே தெரியாமல் பல்லின் பின்பக்கம் கம்பி கட்டலாமாமே என்று கேட்டார். அதைப் பற்றி வாசிக்க வாசிக்க, அந்தச் சிகிச்சையின் பாதி வைத்தியரின் கதிரையில் அல்ல, ஆய்வுகூடத்து மேசையில்தான் நடக்கிறது என்று பட்டது. அப்படியொரு மேசையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பின்பக்கக் கம்பி நேற்று வந்ததல்ல. 1970களில் ஜப்பானில் கின்யா ஃபுஜிட்டாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் தனித்தனியே இதில் இறங்கினார்கள். ஃபுஜிட்டாவின் கட்டுரை 1979இல் வெளிவந்தது. அவருடைய கம்பி வேட்டைப்பல் தாண்டியதும் உள்நோக்கி மடியும். முழுதாகப் பார்த்தால் காளான் வடிவம். கம்பியைப் பிடித்து வைக்க மேல்முன்பற்களின் பின்னால் ஒட்டிய பிராக்கெட்டில் கீழ்ப்பற்கள் இடித்து அதைக் கழற்றிவிடுவது அன்றைய பெரிய தொல்லை. கர்ஸ் அந்த பிராக்கெட்டிலேயே ஒரு சிறு தட்டை மேடை வைத்து, கீழ்ப்பல் அதில் வந்து குந்தும்படி செய்தார்.

கரைச்சல் எங்கே என்றால், பல்லின் முன்முகம் ஓரளவு மட்டம், பின்முகம் அப்படியில்லை. மேடும் பள்ளமுமாக, ஆளுக்காள், பல்லுக்குப் பல் மாறும். கண்ணால் பார்த்து நேரே ஒட்டினால் இடம் தவறும். உள்வளைவு நீளம் குறைந்தது என்பதால் பிராக்கெட்டுகளும் நெருங்கி நிற்கும். இடையில் கம்பி குறுகிப்போய் விறைக்கும். வளைவில் நேரும் சின்னப் பிசகும் பல்லில் பெரிதாகத் தெரியும். ஆகவே முதலில் சாந்து வார்ப்பிலிருந்து ஒவ்வொரு பல்லையும் வாளால் அறுத்தெடுத்து, சிகிச்சை முடியும்போது எப்படி நிற்கவேண்டுமோ அப்படி மெழுகில் அடுக்குகிறார்கள். அந்த வரிசைக்கு ஏற்ப பிராக்கெட்டுகளைப் பொருத்தி, பல்லுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலான வெளியைப் பிசினால் நிரப்பி, ஓர் உறையில் எடுத்து வாய்க்கு மாற்றுகிறார்கள். பின்னர் ஜெர்மனியில் டிர்க் வீக்மன் இந்த வழியைக் கணினிக்கு ஏற்றினார். ஒவ்வொருவரின் பல்லுக்கும் தனியாக வடிவமைத்த பிராக்கெட்டுகள் தங்கக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டன. கம்பியை ரோபோ வளைத்தது.

பற்களை மெழுகில் அடுக்கும் படத்தை அண்ணனுக்குக் கைபேசியில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது கட்டுப்பல் அடுக்கிற வேலைதானே தம்பி. ஆளுட சொந்தப் பல்ல அறுத்து வெச்சு அடுக்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு லாச்சியைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்தார். இளஞ்சிவப்பு அக்ரிலிக், இரு பக்கமும் கடைவாய்ப்பல்லைக் கவ்வும் ஆடம்ஸ் கொளுவி, 0.7 மில்லிமீற்றர் கம்பி. பெல்ஃபாஸ்ற்றில் இருந்த ஆடம்ஸ் 1950ஐ ஒட்டிச் சொல்லிக்கொடுத்த வடிவம் இன்னும் அப்படியே. முன்பல்லுக்குப் பின்னால் 0.5 மில்லிமீற்றர் கம்பியில் இரண்டு மடிப்பு மடித்த சிறு சுருள். மேல்முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு அதை வெளியே தள்ளுவது இதுதான். "பின்னால நிண்டு தள்ளுறது எங்களுக்குப் புதுசில்ல" என்றார். உண்மைதான். ஆனால் இந்தச் சுருளால் பல்லைச் சாய்க்கத்தான் முடியும். வேரோடு நகர்த்தவும், திருகி நிற்கும் பல்லை நேராகத் திருப்பவும் பிராக்கெட் வேண்டும். அதையும் அவரே சொன்னார். தன் பொருளை விற்கிறவர் பேச்சாக அது இருக்கவில்லை.

கொளுவி வளைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குறட்டின் நுனியில் கம்பி. பெருவிரல்தான் வளைக்கிறது, குறடு பிடித்துக்கொள்வதோடு சரி. அளவுகோல் இல்லை. பல் வார்ப்பில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இன்னொரு வளைவு. பிழைத்தால் நிமிர்த்தித் திரும்ப வளைப்பதில்லை. அந்தத் துண்டு குப்பைக்கு. "நிமித்தி நிமித்தி வளைச்சா கம்பி இறுகிரும். ஆள்ர வாய்க்குள்ள போய் முறியும்."

அச்சு வந்து சேரும் கதை தனி. அச்செடுக்கும் அல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. தண்ணீர் வற்றினால் சுருங்கும். இந்தப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஓட்டோவில் வரும் அச்சை ஈரத் தாளில் சுற்றி, பையில் கட்டி அனுப்பச்சொல்லி வைத்தியர்களோடு அண்ணன் இன்னும் மல்லுக்கட்டுகிறார். வந்த கையோடு சாந்து ஊற்றவேண்டும், சோறு பிறகு.

இரண்டு பாதியாக எடுத்த ஓர் அச்சையும் காட்டினார். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் இறுகிய ஒருவருடையது. முழுத் தட்டும் உள்ளே போகாததால் வலமும் இடமும் தனித்தனியே எடுத்திருந்தார்கள். பாக்குத்தான் வாயின் உட்தோலை நாராக்கி இறுக்குகிறது. பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இங்கே கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் வெற்றிலைத் தட்டம் முதலில் வரும். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதவருக்குப் பின்பக்கக் கம்பியைப் பற்றி யார் பேசுவது? பெரியவர்களின் பல் வைத்தியம் என்றால் எங்களூரில் நெடுங்காலமாகப் பிடுங்குவதும் கட்டுப்பல் வைப்பதும்தான். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை நிலையம் இருக்கிறது. அந்த வயது தாண்டியவர் வலி வந்தால்தான் வரிசையில் நிற்பார்.

நண்பரின் பல்லுக்கு வருகிறேன். நாற்பதில் முன்பல் விலகுவதற்குப் பல நேரம் காரணம் முரசு நோய்தான். எலும்பு கரைந்த பல், நாக்கும் உதடும் தள்ளும் பக்கம் போகும். முரசை ஆற்றாமல் கம்பி கட்டினால் மிச்ச எலும்பும் போய்விடக்கூடும். நண்பரைப் பார்த்த பல் வைத்தியர் முதலில் காறை எடுக்கத்தான் திகதி கொடுத்தார். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. த, ந இரண்டுக்கும் நாக்கு நுனி படுவது மேல்முன்பல்லின் பின்பக்கத்தில். பிராக்கெட் ஒட்டும் இடமும் அதே. பேச்சு பெரும்பாலும் சில கிழமைகளில் பழகிவிடும் என்கிறார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது, தருப் பாட்டைத் தத்தளித்துப் பாடும் தைரியம் நண்பருக்கு இல்லை. வெளிமுகத்தில் கட்டினால் ஊர் பார்க்கும், பரவாயில்லை என்று இப்போது சொல்கிறார்.

பல்லை நேராக்க, கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளும் உண்டு. அவற்றைச் செய்யும் அலைன் நிறுவனம் 1997இல் தொடங்கியது. பின்னால் வந்த ஸ்மைல் டிரெக்ட் கிளப், வைத்தியரை நேரில் காணாமலே தபாலில் உறை அனுப்பிப் பெரிதாக வளர்ந்து, 2023 டிசம்பரில் இழுத்து மூடியது. சிகிச்சை பாதியில் நின்றவர்கள் ஏராளம். எந்த வழியில் நேராக்கினாலும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் கீழ்முன்பற்களின் பின்னால் ஒரு முறுக்குக்கம்பியை ஒட்டிவிடுவது வழக்கம், பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளுக்கு. அதற்கான கம்பியையும் வார்ப்பில் வளைத்துக் கொடுப்பது இவர்தான்.

மகள் ஸ்கேனர் மென்பொருள் பழகுகிறார். அச்சு, சாந்து, ஈரத் தாள் எதுவும் வேண்டாம், கோப்பாகவே வந்துவிடும் என்றார். அண்ணன் தலையாட்டினாரே தவிர மறுக்கவில்லை. அவருடைய கைவேலையைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் யாராவது இங்கே தேடி வந்ததுண்டா என்று அவரிடம் கேட்டேன்.

"ஒரு அம்மா வந்தவ. மகள்ர கலியாணத்துக்கு முன்னம் பல்லு வரல்லியெண்டு ஏசிற்றுப் போக."