மூன்று சாதத்தின் கணக்கு

உணவு ஆலோசகரின் தொழிலில் முதன்மையானதும் கடினமானதும், வந்திருப்பவர் முந்தைய நாள் காலை முதல் இரவு வரை உண்டவற்றை ஒன்றுவிடாமல் கேட்டறியும் நினைவுகூரல் முறையாகும். சென்னையின் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ‘மதியம் கொஞ்சம் சாதம்’ என்று வரும் விடைக்குள் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என மூன்று முறை பரிமாறப்பட்ட சோறு அடங்கியிருப்பதால், கைதேர்ந்தவர் ‘எவ்வளவு’ என்று கேட்பதை விட்டு, எந்தக் கரண்டி, எத்தனை முறை, மோருக்கு எவ்வளவு என்று கேட்பார். வீட்டுக் கரண்டியையே கொண்டுவரச் சொல்லி, அது கொள்ளும் சோற்றை எடைபோட்டுப் பார்ப்பதும் உண்டு. மயிலாப்பூர்க் கோயில் திருவிழாவின் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று மாட வீதிகளில் பருகிய பானகமும் பெற்ற பிரசாதமும் இக்கணக்கில் ஏறுவதேயில்லை. பிரசாதத்தை உணவாக எண்ணப் பலருக்கு மனம் ஒப்பாது என்பதால் அதை மிக மெல்லக் கேட்க வேண்டும்.

சோற்றை இப்படிக் கரண்டிக் கணக்கில் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தவிடு நீக்கித் தீட்டிய அரிசியின் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாகிக் குருதியில் கலக்கும்போது, கணையம் சுரக்கும் இன்சுலின் தசை உயிரணுவின் ஏற்பியில் பொருந்தி, உள்ளே ஒதுங்கியிருக்கும் கடத்திப் புரதங்களை மேற்பரப்புக்கு வரவழைத்துக் குளுக்கோஸுக்கு வழி திறக்கிறது. மிஞ்சிய ஆற்றல் ஆண்டுக்கணக்கில் கொழுப்பாகித் தசையிலும் கல்லீரலிலும் படியப் படிய இன்சுலினின் அந்தக் கட்டளை மங்கிப்போவதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். ஒல்லியான உடலிலும் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும். எடையை மட்டும் நம்பி ஒருவரை அனுப்பிவிடுவது பிழை.

1990-களின் பிற்பகுதியில் நடந்த சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வில், தியாகராய நகரின் குறைந்த வருவாய்க் குடியிருப்பில் 6.5 விழுக்காடாகவும் திருமங்கலத்தின் நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் 12.4 விழுக்காடாகவும் இருந்த நீரிழிவு, பத்தாண்டுகளில் இரண்டிடத்திலும் ஏறத்தாழச் சமமாகிவிட்டது. சென்னையிலேயே 2001-இல் தொடங்கி 26,001 பேரைக் கணக்கெடுத்த ‘கியூர்ஸ்’ ஆய்வின் உணவுப் பகுதியோ, தீட்டிய தானியம் மிகுதியாக உண்டோரிடம் நீரிழிவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் வீட்டுக்கு விலையுயர்ந்த ஓட்ஸை எழுதிக் கொடுப்பது அநியாயம். அங்கே முருங்கைக் கீரையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இலையில் முதலில் வந்து, மோர் சாதத்தில் ஒரு கரண்டி குறைந்து, மோர் மோராகவே குடிக்கப்பட்டால் போதுமான தொடக்கம்.

அதன் பலனைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் உயிரணுவிலேயே இருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை அது அழியும்வரை உடன் இருக்கும். பழைய இலையின் சர்க்கரையைச் சுமந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மறைந்து, புதிய கணக்கில் பிறந்தவை குருதியில் நிறைந்த பிறகே அந்த ஒரு கரண்டியின் குறைவு, ஒட்டிய சர்க்கரையை அளக்கும் சோதனைத் தாளில் முழுமையாகத் தெரியவரும்.