செத்த பிறகு ஒரு ஃபிளாஷ்பேக்

பண்ணைப்புரத்துக்காரி என்று சொன்னால் அடுத்த கேள்வி பாட்டைப் பற்றித்தான் வரும். இளையராஜா பிறந்த வீடு எது, நீங்கள் பாடுவீர்களா. எனக்குப் பாட வராது. ஊரிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது பேய்களை. மனோபாலாவின் 'பிள்ளை நிலா' (1985) படத்தைத் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த டெக்கில்தான் முதலில் பார்த்தேன். இறந்துபோன ஒருத்தியின் ஆவி குழந்தை ஷாலினியின் உடம்பில் புகுந்துகொள்ளும். இசை எங்கள் ஊர்க்காரர் என்று ஆண்களுக்கெல்லாம் பெருமை. பெண்கள் பக்கத்தில் பேச்சு வேறாக இருந்தது. "பாவம், அவ என்ன கேட்டா, அதக் குடுத்திருந்தா ஏன் இப்படி வரப்போறா?" என்று அப்பத்தா கேட்டாள். பேய்ப் படத்தின் கதைக்கட்டுமானம் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான்.

நம் பேய்ப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிவரும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், கொலுசு கேட்கும், பயந்தாங்கொள்ளி ஒருவர் நம்மைச் சிரிக்க வைப்பார். இடைவேளைக்குச் சற்று முன்னால் பேய் யார் உடம்பில் இருக்கிறது என்று தெரியும். இடைவேளைக்குப் பிறகு மந்திரவாதியோ சாமியாரோ மருத்துவரோ வந்து கேட்பார்: யார் நீ? அப்போதுதான் ஃபிளாஷ்பேக். ஒரு பெண் உயிரோடு இருந்தாள், அவளுடைய நிலத்தையோ உடலையோ காதலையோ ஒருவன் பிடுங்கினான், கொன்றான், புதைத்தான். பிறகு பழிவாங்கல். பிறகு அனுப்பிவைத்தல். வீட்டுக்கு வெள்ளையடித்து எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த வரிசையைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கோடாங்கி கேட்கும் கேள்விகளின் வரிசை இது. உடுக்கை அடித்துக்கொண்டே கேட்பார்: யாரு நீ? எந்த ஊரு? எப்படிச் செத்த? எதுக்கு இந்தப் புள்ளயப் புடிச்ச? என்ன வேணும்? எப்பப் போவ? ஆறு கேள்வி. கடைசிக் கேள்விக்காகத்தான் முதல் ஐந்தும். ஃபிளாஷ்பேக் என்று சினிமாவில் நாம் அழைப்பது மூன்றாவது கேள்விக்கான பதில். அது ஒரு சாட்சியம். காவல் நிலையத்திலும் பஞ்சாயத்திலும் எடுபடாமல் போன வாக்குமூலம், பேய் என்றானதும் முழுதாகக் கேட்கப்படுகிறது. யாரும் குறுக்கே பேசுவதில்லை. உயிரோடிருக்கும் பெண் ஒருத்தி இருபது நிமிடம் இடைவெட்டு இல்லாமல் தன் கதையைச் சொல்லி, முழுக் குடும்பமும் உட்கார்ந்து அழுதபடி கேட்ட ஒரு தமிழ்ப் படத்தை யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கேட்கப்படுவது பேய். பேய் குடியிருக்கும் பெண்ணை யாராவது கேட்கிறார்களா?

'சந்திரமுகி'யை (2005) எடுத்துக்கொள்வோம். மூலம் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழு' (1993). கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) ஆகி, அதன் பிறகு பி. வாசு வழியாகவே தமிழுக்கு வந்தது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி ஜோதிகா கட்டிலைத் தூக்குவது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று வகுப்பில் கேட்டால் பலருக்கும் மறந்துபோயிருக்கும். கங்கா கடைக்குக் கிளம்புகிறாள். கணவன் போக வேண்டாம் என்கிறான். அவ்வளவுதான். அந்த ஒற்றை 'வேண்டாம்'தான் அவளுக்குள்ளிருந்து சந்திரமுகியை வெளியே கொண்டுவருகிறது. கதைப்படி அது மருத்துவர் சொல்லிக்கொடுத்த சோதனை. ஆனால் எந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு மனைவி பேயாவாள் என்பது அந்த மருத்துவருக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது? நம் வீடுகளில் அந்தச் சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லப்படுகிறது?

இன்னொன்றும் இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். மலையாளத்தில் அந்தப் பேய் தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லி, தமிழ் பேசுவாள். தமிழுக்கு வந்தபோது ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சந்திரமுகி, தெலுங்கு பேசுவாள். கன்னடத்திலும் தெலுங்குதான். இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது மஞ்சுலிகா வங்காளியானாள். எந்த மொழிக்காரர்களுக்கும் பேய் அடுத்த மொழிக்காரி. அரண்மனைக்காரன் விலை கொடுத்தோ வாளைக் காட்டியோ தூக்கி வந்த ஆடல் பெண். தன் ஊர்ப் பெண்ணைப் பேயாக்கக் கூச்சமோ என்னவோ. அல்லது, வெளியூரிலிருந்து வந்து இன்னொருவன் வீட்டில் வாழ்ந்து சாகிற எல்லாப் பெண்ணுக்கும் அந்த வீட்டில் ஒரு அந்நிய பாஷைதான் இருக்கிறதோ. வாழ்க்கைப்பட்டுப் போன எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

கடைசியில் சந்திரமுகிக்கு ஒரு பொம்மை வேட்டையனை எரிக்கக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வேட்டையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் எப்போதோ செத்துவிட்டான். கங்காவுக்குக் குணமாகிவிடுகிறது. அன்றைக்கு அவள் போக நினைத்த கடைக்குப் போனாளா என்று தெரியாது. படம் சென்னையில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது.

இதை எழுதும்போது பெரியம்மா மகள் அக்காவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவள். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலையேறி, கேரளத்து ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்புவாள். எங்கள் பள்ளத்தாக்கின் பாதிப் பெண்கள் அப்படித்தான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவளுக்குப் பேய் பிடித்தது. தோட்டத்தில் நாண்டுக்கிட்டுச் செத்த ஒரு பையன் என்று கோடாங்கி கண்டுபிடித்தார். அக்கா ஆண் குரலில் பேசினாள். சுருட்டுக் கேட்டாள். கறிச்சோறு கேட்டாள். பிறகு தன் புருஷனைப் பார்த்து, "ஏண்டா, இந்தப் புள்ள மல மேல போயி முதுகொடியப் பாடுபட்டுக் கொண்டாற காச எதுக்குடா புடுங்குற? எதுக்குடா அடிக்கிற?" என்று கேட்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தன்னைத் தானே 'இந்தப் புள்ள' என்று சொன்னாள். தமிழிலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பிற்பாடு எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். படர்க்கை எதற்குப் பயன்படும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கோடாங்கி பேரம் பேசினார். உச்சந்தலையில் ஒரு கொத்து முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். பேய் போய்விட்டது. மறுநாள் அக்கா அதே ஜீப்பில் ஏறினாள். அடியைப் பற்றி அந்தப் பையன் சொன்னது அவனோடு போய்விட்டது.

இப்போது அவளுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அது அந்தப் பய பேசுனதுத்தா. எனக்கென்ன தெரியும்?" என்றாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அதுக்கப்பறம் ரெண்டு மாசம் கூலிய நாந்தேன் வச்சிருந்தேன். ஒருத்தரும் கேக்கல. பயம்" என்று சிரித்தாள்.

ரெண்டு மாசம். பேய் வாங்கிக்கொடுத்த கூலி உயர்வு என்று வைத்துக்கொள்ளலாம். இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றுமில்லை என்று தள்ளவும் மனமில்லை.

கிராமத்துப் பேயும் சினிமாப் பேயும் ஒரு இடத்தில் நேர் எதிராக நிற்கின்றன. இசபெல் நபகோவ் தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளைக் கூட இருந்து பார்த்து 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். பிடிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள், பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆசை தீராமல் இளவயதில் செத்த ஆண்கள் என்று அதில் சொல்கிறார். என் அக்கா கதை அப்படியே. சடங்கு முடிந்ததும் பெண் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். சினிமாவில் பேய் பெண்ணாகிவிட்டது. கிராமத்தில் பெண் பேச ஒரு ஆணின் குரல் வேண்டியிருந்தது. திரையில் செத்த பெண்ணின் குரல் வேண்டியிருக்கிறது. அவளாகப் பேச இரண்டிலும் வழியில்லை.

ஆணுக்குள் பெண் பேய் புகுந்தால் கணக்கே மாறிவிடும். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை நாயகன் உடம்பில் வருகிறாள். சரத்குமார் அந்தப் பாத்திரத்தை மரியாதையோடு செய்தார், மறுக்கவில்லை. முதல் பாதி முழுக்கப் புடவை கட்டிய ஆணைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியில் அழச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதையைக் கேட்ட பிறகு ராகவா தானே விரும்பி உடம்பைக் கொடுக்கிறான். படம் முடியும்போதும் காஞ்சனா அவனோடு இருக்கிறாள், அவனுக்குத் துணையாக. பேய் ஏறிய ஆண் பலசாலி. பேய் ஏறிய பெண் நோயாளி.

இந்தக் கதைக்கெல்லாம் ஆதித்தாய் பழையனூர் நீலி. காரைக்கால் அம்மையார் பேயுருவோடு வந்து சேர்ந்த திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர்தான் பழையனூர். தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் தேடி வருகிறாள் நீலி. கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர்தான் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று வேளாளர் சபையில் அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்கிறார்கள் எழுபது பேர். இரவில் அவள் அவனைக் கொல்கிறாள். விடிந்ததும் சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஊரில் நினைவு மண்டபம் வேளாளர்களுக்கு. நீலிக்கு நாம் கொடுத்தது ஒரு மரபுத்தொடர்: நீலிக் கண்ணீர்.

வகுப்பில் இதைச் சொன்னபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "மேடம், அவளத்தான் நெசமாவே கொன்னுட்டாங்களே, அப்புறம் அது எப்படிப் பொய்க் கண்ணீராகும்?" என்று கேட்டாள். இருபது வருஷமாக நான் பாடம் எடுக்கும் மொழி, கொலையுண்டவளின் அழுகையைப் பொய்யழுகைக்குப் பெயராக வைத்திருக்கிறது. அந்தக் கணம் வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அண்மைப் படங்கள் இந்த எலும்புக்கூட்டை அசைத்துப் பார்க்கின்றன என்பார்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) அப்படிக் கொண்டாடப்பட்டது. அங்கே பேய் பழிவாங்குவதில்லை; தன்னைக் காரால் மோதியவன் நாயகன்தான் என்று நாம் கடைசியில் அறிகிறோம், அவளோ அவனைக் காத்தபடியே இருந்திருக்கிறாள். அழகான படம். ஆனால் கொன்றவனிடமும் அன்பாக இருப்பவளே நல்ல பேய் என்றால், அது நல்ல மனைவிக்கு நாம் சொல்லும் இலக்கணத்தின் தொடர்ச்சிதானே. அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) எனக்கு நெருக்கமானது. குழந்தையைத் தனியாக வளர்க்கும் ஒருத்தி, காசுக்காக ஒரு பேய்ப் படத்தை இரவுத் திரையரங்கில் தனியே உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். அவள் கதை ஒரு பக்கமும் அந்தப் படத்தின் கதை கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கமுமாக ஓடிச் சேர்கின்றன. இங்கே கோடாங்கி இல்லை. செத்தவளின் கதையை உயிரோடிருக்கும் ஒருத்தி நேராகப் பார்க்கிறாள்.

என்றாலும் நான் தேடும் கதைமுடிவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதப்பட்டுவிட்டது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யை 1936இல் அ. சக்கரவர்த்தி உரையோடு பதிப்பித்தார். எழுதியவர் பெயர் தெரியாது. சமண நூல் என்பதால் அதற்கென்று ஒரு கட்சி உண்டு; நான் அந்தக் கட்சிக்காக இங்கே பேசவில்லை. கதையின் கட்டுமானத்துக்காகச் சொல்கிறேன். அதே பழையனூர் நீலி முனிசந்திரர் என்ற துறவியை மிரட்ட வருகிறாள். அவர் மிரளவில்லை. உடுக்கை அடிக்கவும் இல்லை, எப்போது போவாய் என்று கேட்கவும் இல்லை. அவளோடு பேசுகிறார். அவள் படிக்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசியோடு, மொக்கலனோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வேதவாதியோடு சபைகளில் வாதம் செய்கிறாள். ஒரு காலத்தில் அழுது நின்ற சபை. கடைசியில் ஒரு பூதவாதி, உடம்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறான். நீலகேசி தன் பழைய பேயுருவை எடுத்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் நடுங்கிப்போகிறான். அவள் திரும்பத் தன் வடிவத்துக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்கிறாள்.