மாடிக்கு ஒரு வயர்

வீட்டு நெட்வொர்க்கில் ரவுட்டரின் வேலை வேறு, வைஃபையின் வேலை வேறு. வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டு, எந்தத் தகவல் யாருக்கு என்று பார்த்து அனுப்புவது ரவுட்டர். அதைக் கடைசிச் சில அடிகள் காற்றில் கொண்டுசேர்ப்பது மட்டுமே வைஃபை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருவதால், மாடியில் சிக்னல் இல்லையென்றால் இன்னும் விலை கூடிய பெட்டியைத் தேடுகிறார்கள். மாடிக்கு ஒரு வயர் இழுப்பதே உருப்படியான வழி.

சிவகாசியில் கீழே அலுவலகமும் குடோனும், மேலே குடியிருப்புமாக இருக்கும் கட்டடங்கள் பல. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாவது இந்த ஊர் வழக்கம். அதன்பின் ஆர்டர்கள் குவியும். அச்சுக்குப் போகும் வடிவமைப்பு ஃபைல்களோ மிகப் பெரியவை. அவற்றைக் கையாளும், இடம் மாறாத கணினிக்கு வயர்தான் ஏற்றது. குடோனில் அடுக்கிய காகிதக் கட்டுகளும் இரும்பு அலமாரிகளும் வைஃபை அலையை விழுங்கவும் திருப்பவும் செய்யும்; கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அப்படியே.

தெருவிலிருந்து இப்போது வருவது ஃபைபர். பல தெருக்களில் கேபிள் டிவிக்காரரே அதையும் கொடுக்கிறார். ஒளி ஓடும் கண்ணாடி இழையின் உட்பகுதி 9 மைக்ரான் அளவே. ஆணியில் சுற்றி மடக்கினால் ஒளி கசிந்துவிடும். இழை வந்து சேரும் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ரவுட்டரை நோண்டிப் பயனில்லை, இழைப் பக்கம்தான் கோளாறு.

ரவுட்டரிலிருந்து மாடிக்குப் போவது கேட்-6 செம்பு வயர். 100 மீட்டர் வரை அது தாங்கும். கரண்ட் வயர் ஓடும் பைப்பில் அதைத் திணிக்காமல் தனிப் பைப்பில் விட வேண்டும். உறையை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஒரு ஜோடியின் துடிப்பு பக்கத்து ஜோடியைக் கெடுக்காமலிருக்கத்தான் அந்த முறுக்கு. முனையில் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் ஆர்ஜே-45 முனைக்குள் கடைசிவரை தள்ளி கிரிம்பிங் செய்ய வேண்டும். மறுமுனையிலும் இதே வரிசை. நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி பிடிக்காமல் போனால், 1 ஜிகாபிட் ஓட வேண்டிய வயர் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் வயரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

மாடியில் வைக்கும் கருவி இன்னொரு ரவுட்டராக நடந்துகொள்ளக் கூடாது. முகவரி வழங்கும் டிஎச்சிபியை அதில் நிறுத்தி, கீழே 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, வயரை வான் (WAN) துளையில் செருகாமல் லான் (LAN) துளையில் செருக வேண்டும். இல்லாவிட்டால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். அங்கிருந்து பிரின்ட் கொடுத்தால் கீழேயுள்ள பிரின்டர் கண்ணில் படாது. புதிய கருவிகள் பலவற்றில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்பதைத் தேர்ந்தாலே போதும்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரு தளத்திலும் ஒன்றாக இருந்தால் செல்போன் மாடிப்படியில் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே; கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. சுவர் நெருக்கமான தெருவில் அண்டை வீட்டு அலைகளும் அதிலேயே முட்டுவதால், அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாக ஓடும். சுவர் தாண்டினால் அது சீக்கிரம் தளரும். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ-2 அல்லது 3 வேண்டும். பெட்டியோடு வரும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

பட்டாசு ஆலை அலுவலகத்துக்கும் முறை இதுவே. உற்பத்தி அறைகளுக்குள் செல்போனுக்கே அனுமதியில்லை என்பதால் வைஃபையை அலுவலகக் கட்டடத்தோடு நிறுத்த வேண்டும். இடி தாக்கி ஆலைகள் வெடித்த வட்டாரம் இது. திறந்த வெளியில் இரு கட்டடங்களுக்கிடையே ஓடும் செம்பு வயர் மின்னலின் தாக்கத்தை இரு பக்கமும் கடத்திவிடும். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆகவே அங்கே ஃபைபரைத் தவிர வேறெதையும் இழுக்கக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், மாடிக் கருவி மூன்றும் சேர்ந்து ஓட வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டால் வைஃபை தெரியும், நெட் வராது. பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, சிறிய டிசி யுபிஎஸ் வாங்கிக்கொள்ளலாம்.