பி.பி.யும் பரம்பரையும்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் 'தான்ஸியோன்' என்றால் பேச்சு வழக்கில் ரத்த அழுத்தம்தான். இங்கே திருவள்ளூர் பக்கம் 'டென்ஷன்' என்றால் மனக்கவலை. அதனாலோ என்னவோ, கவலைப்படாமல் இருந்தால் பி.பி. வராது என்று பலர் நம்புகிறார்கள். கவலையே இல்லாதவருக்கும் வரும். வந்ததே தெரியாமலும் இருக்கும்.

என் தங்கை மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்னஸ் வேலை பார்க்கிறான். வயது 44. போன வருடம் பரிசோதனையில் பி.பி. 160/100. எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. அவன் அப்பா 50 வயதுக்குள் மாரடைப்பில் போனவர். "ரத்தத்திலேயே இருக்கு மாமா, மாத்திரை போட்டு என்ன ஆகப்போகுது?" என்றான்.

அவன் கேட்டதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும் இடம்பெற்ற குழு, 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இதயத் தசைக்கான ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது பற்றியது. ஆபீஸில் நகல் எடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போகுமே, அது மாதிரி! இந்தியர்களில் 100-க்குச் சுமார் 4 பேருக்கு இந்தக் குறை உண்டு. கொஞ்சம் ரத்தம் எடுத்தாலே கண்டுபிடித்துவிடலாம். இளமையில் பெரும்பாலும் தொந்தரவு தராது. நடு வயதுக்கு மேல் தசை பழுதாகும் வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் அப்படி ஆவதுமில்லை.

ஆனால் அது தசை நோய். பி.பி.யால் தடிப்பது வேறு. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, தண்டால் எடுப்பவன் புஜம்போல அந்தச் சுவர் தடிக்கிறது. ஒரே அளவு பி.பி. உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் அதிகம் தடிப்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அது ஒரு மரபணுவின் வேலையல்ல. பல மரபணுக்கள் கூடிச் செய்வது. அதனால் இன்றும் டாக்டர்கள் இதற்கு நம்புவது இ.சி.ஜி.யையும் எக்கோவையும்தான்.

அவனிடம் இதைத்தான் சொன்னேன்: "அப்பா கொடுத்த எழுத்தை மாத்த முடியாதுடா. பி.பி.யை இறக்கலாம். இறக்கினா தடிச்ச சுவரும் ஓரளவு மெலியும்." வியர்வையில் உப்பு போகிறதே என்று ஊறுகாயும் கருவாடுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை டாக்டரே பேசி நிறுத்தினார்.

2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தங்கைக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இப்போது இரண்டு பேரும் ஒரே சொம்புத் தண்ணீரில் மாத்திரை போடுகிறார்கள். அவனுக்கு அடுத்த எக்கோ தை மாதம்.